ஓட்டுநர் இறங்கிய பிறகு

1944 ஆகஸ்டில் வார்சா நகரத்தில் போலந்துக் கிளர்ச்சியாளர்கள் ஜெர்மானியப் படையை எதிர்த்துத் தெருவுக்குத் தெரு தடுப்பரண் கட்டி நின்றார்கள். அரண்களைத் தகர்க்க ஜெர்மானியர்கள் ஒரு சின்ன வண்டியை அனுப்பினார்கள். ஒன்றரை மீட்டர் நீளம். உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே. இரண்டு பக்கமும் டாங்கிக்கு உள்ளதைப் போலச் சங்கிலிப் பட்டை. வயிற்றுக்குள் 60 கிலோவுக்குக் குறையாத வெடிமருந்து. உள்ளே ஆள் கிடையாது. அதன் பெயர் கோலியாத்.

வண்டிக்குப் பின்னால் ஒரு மின்கம்பி அவிழ்ந்துகொண்டே வரும். 650 மீட்டர் நீளம், மூன்று இழை. இரண்டு இழைகள் வண்டியை ஓட்டவும் திருப்பவும். மூன்றாவது, வெடிக்க வைக்க. மறுமுனையில் ஒரு சிப்பாய் பதுங்கியிருந்து, சிறு பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை அசைப்பான். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஊர்ந்து போய் அரணை முட்டி வெடிக்கும். அதைச் சுட்டு நிறுத்துவதைவிட எளிய வழி ஒன்று இருப்பதைக் கிளர்ச்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். துணிந்த ஒருவர் தவழ்ந்து போய்க் கம்பியை வெட்டிவிட்டால், வண்டி நடுத்தெருவில் வெறும் இரும்பாக நின்றுவிடும்.

ஜெர்மனி இந்த வண்டிகளை 7,500 வரை செய்து தள்ளியது. மூல யோசனை அவர்களுடையது இல்லை. ரஷ்ய ஜார் மன்னரின் கார்கள் பனியில் ஓடுவதற்குப் பட்டை மாட்டிக் கொடுத்த அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் செய்த மாதிரி ஒன்று, 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு அவர்கள் கையில் சிக்கியது. அதற்கும் முன்பே சோவியத் படை டி-26 டாங்கியை வானொலி அலையால் ஓட்டிப் பார்த்திருந்தது. அந்த 'டெலிடாங்க்'குகள் 1939-40 குளிர்காலத்தில் பின்லாந்துப் போருக்குப் போயின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஆட்களோடு இன்னொரு டாங்கி, 500 முதல் 1,500 மீட்டர் தள்ளி, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊர்ந்து வர வேண்டியிருந்தது.

வண்டியிலிருந்து ஆளை இறக்கிவிடலாம். அவர் அங்கே உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலைகள் அவரோடு இறங்கிப் போய்விடுவதில்லை. வழி பார்ப்பது, ஓட்டுவது, பழுது நீக்குவது, சுடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது, எல்லாவற்றையும் யாராவது எங்கிருந்தாவது செய்தாக வேண்டும். கோலியாத்துக்கு அந்த 'எங்கிருந்தாவது' 650 மீட்டர் தூரத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. இன்றுள்ள வண்டிகளையும் நான் அந்தக் கம்பியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

முதலில், ஆளை ஏன் இறக்க வேண்டும்? உயிர் என்பதுதான் முதல் பதில், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது பதில் எடை. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 10 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுத் தகடு ஏறக்குறைய 785 கிலோ. டாங்கிக்குள் ஒரு மனிதர் கால் மடக்கி உட்கார, கை நீட்டி வேலை செய்ய இடம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிலும் தகடு வேண்டும். ஓர் ஆளுக்கு டன் கணக்கில் இரும்பு. சோவியத் பொறியாளர்கள் டி-72இல் குண்டு நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்து, நான்கு பேர் இருந்த இடத்தில் மூன்று பேரோடு நிறுத்தினார்கள். 41 டன்னில் அந்த டாங்கி முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான்கு பேர் ஏறும் அமெரிக்க ஏப்ரம்ஸ், முதல் வடிவத்திலேயே 50 டன்னைத் தாண்டியது. எல்லோரையும் இறக்கிவிட்டால் வண்டி எவ்வளவு சின்னதாகிவிடும் என்ற கணக்கு, வரைபலகை முன்னால் நிற்கும் எந்தப் பொறியாளரையும் இழுக்கும்.

சின்னதான பிறகு அது எதன் மேல் ஓடும்? தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுவடைக்கு வண்டி பேசுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, டயர் வண்டியா, பெல்ட் வண்டியா என்பதுதான். வயல் காய்ந்திருந்தால் டயர் போதும், வாடகையும் குறைவு. மழை பெய்து சேறாகிவிட்டால் பெல்ட் வண்டிதான் இறங்க முடியும். போர்க்களத்திலும் இதே இயற்பியல். காற்றடைத்த டயர் தரையை அழுத்தும் அழுத்தம், கிட்டத்தட்ட அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமேதான். சாதாரணக் காரில் அது சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கு மேல் எடை உள்ளது. ஆனால் நீண்ட பட்டைகள் அந்த எடையைப் பரப்பிவிடுவதால் தரையில் விழும் அழுத்தம் 0.85 கிலோவைத் தாண்டுவதில்லை. நாம் நடக்கும்போது ஒற்றைக் காலை ஊன்றுகையில் மண்ணுக்குத் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.4 கிலோ. அவ்வளவு பெரிய இரும்பு மலை, கார் புதையும் இடத்தில் புதையாமல் போவது இதனால்தான்.

பட்டைக்கு ஒரு குணக்கேடும் உண்டு. காரைப் போல முன்சக்கரத்தை ஒடித்து அது திரும்புவதில்லை. ஒரு பக்கத்துப் பட்டையை மெதுவாக்கி மறுபக்கத்தை வேகமாக ஓட்டித் திரும்புகிறது; அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டை மண்ணைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது. சரிவில் அவசரமாகத் திரும்பினால், சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கல் மாட்டினால், பட்டை கழன்றுவிடும். டாங்கிப் படையில் இருந்தவர் யாரைக் கேட்டாலும் இது அன்றாட வேலை என்பார். மூன்று நான்கு பேர் கடப்பாறையும் சம்மட்டியுமாக இறங்கி, கிரீஸும் சேறும் பூசிக்கொண்டு, பட்டையைப் பிரித்து, இழுத்து, முள் அடித்துப் பூட்டி, மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஆளில்லா வண்டியில் பட்டை கழன்றால்? வண்டி அங்கேயே நிற்கும். ஓட்டுநர் இருந்தபோது அவரே மெக்கானிக்காகவும் இருந்தார் என்பது, அவர் போன பிறகுதான் தெரிகிறது. சின்ன வண்டி என்ற ஆசைக்கும் இங்கே ஒரு விலை இருக்கிறது. எந்த வண்டியாலும் தன் நீளத்தில் பாதிக்கு மேல் அகலமுள்ள பள்ளத்தைத் தாண்டுவது கடினம். டாங்கி ஏறி இறங்கிப் போகும் பதுங்குகுழி, இரண்டரை மீட்டர் நீளமுள்ள வண்டியை விழுங்கிவிடும்.

அடுத்தது கண். ஆளில்லா விமானம் வானத்தில் தானாகவே பறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தரையில் ஏன் அது நடக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். வானம் காலியாக இருக்கிறது, தரை அப்படி இல்லை என்பதுதான் விடை. முன்னால் இடுப்பளவுக்குப் புல் நிற்கிறது. லேசர் அளவிக்கு அது ஒரு சுவர். ஓட்டுநருக்கு அது புல், நுழைந்து போகலாம். ஆனால் அதே புல்லுக்குள் ஒரு பாறை மறைந்திருந்தால்? தேங்கிய நீர் கணுக்கால் ஆழமா, கழுத்தளவு ஆழமா? மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடையைக் கருவிகள் ஓரளவு கண்டுகொள்ளும். கீழே இறங்கும் பள்ளம் விளிம்புக்கு வரும்வரை தட்டையான நிலத்தைப் போலவே தெரியும். மனித ஓட்டுநர் மண்ணின் நிறத்தைப் பார்க்கிறார், முன்னால் போன வண்டியின் தடம் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்க்கிறார், இருக்கையின் சாய்வை முதுகெலும்பால் உணர்கிறார், என்ஜின் முனகலைக் காதால் அளக்கிறார். இவற்றில் பெரும்பாலானவை கேமராவில் வருவதில்லை.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா, 2004 மார்ச்சில் மொஹாவே பாலைவனத்தில் தானோட்டி வண்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. தூரம் 240 கிலோமீட்டர், பரிசு 10 லட்சம் டாலர். ஒரு வண்டியும் முடிக்கவில்லை. எல்லோரையும்விட அதிக தூரம் போன கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி, 12 கிலோமீட்டருக்குள் ஒரு வளைவில் மண்மேட்டின் மீது ஏறிச் சிக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் இதே போன்ற பாதையைக் கடந்து முடித்தன. ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' 7 மணி நேரத்துக்குள் வந்து வென்றது. இந்தப் பாய்ச்சலை நான் மதிக்கிறேன். இன்று நகரங்களில் ஓடும் தானோட்டிக் கார்களுக்கு அங்கிருந்துதான் வழி பிறந்தது. ஆனால் அந்தப் பாதையில் குண்டுக்குழி இல்லை, இடிந்த வீடு இல்லை, கேமராவில் சேறு அப்பவில்லை, வண்டியைக் கொல்ல யாரும் காத்திருக்கவும் இல்லை. அதனால் போர்க்களத்தில் இன்றும் ஓட்டுகிறவர் மனிதர்தான், தொலைவில் உட்கார்ந்தபடி. அமெரிக்கத் தரைப்படை 2020இல் கொலராடோவில் தன் ஆளில்லா வண்டித் திட்டத்தைச் சோதித்தபோது, பழைய எம்113 கவச வண்டிகளை ஆளில்லாமல் ஓட வைத்தது. ஒவ்வொன்றையும் ஓட்ட ஒருவர், அதன் ஆயுதத்தை இயக்க ஒருவர் என்று இரண்டு பேர் பின்னால் வரும் இன்னொரு கவச வண்டிக்குள் இருந்தார்கள். பின்லாந்துப் பனியில் ஊர்ந்த அதே ஏற்பாடு.

இங்கேதான் கம்பி திரும்பி வருகிறது, கண்ணுக்குத் தெரியாத கம்பியாக.

வானொலி அலைக்குத் தடையில்லாத வெளி வேண்டும். வெற்று வெளியில் தூரம் இரட்டிப்பானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். தரையை ஒட்டி இந்தக் கணக்கு செல்லாது. நேராக வரும் அலையும், மண்ணில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட தொலைவுக்குப் பிறகு, தூரம் இரட்டிப்பானால் வலிமை பதினாறில் ஒரு பங்காகச் சரிகிறது. ஆன்டெனா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இந்தச் சரிவு தொடங்கும். எதிரியின் கண்ணில் படாமலிருக்க வண்டியைத் தாழ்வாகச் செய்கிறோம்; தாழ்வாகச் செய்வதாலேயே அதன் குரல் நமக்குக் கேட்காமல் போகிறது. இதற்கு மேல் வீடு, மேடு, மரம், கூடவே எதிரி பரப்பும் இரைச்சல் அலைகள்.

ரஷ்யாவின் ஆளில்லா வண்டியான உரான்-9 இந்தப் பாடத்தைச் சிரியாவில் கற்றது. 10 டன்னுக்கு மேற்பட்ட வண்டி. 30 மில்லிமீட்டர் பீரங்கி, டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, தீ உமிழும் ராக்கெட் என்று சுமை நிறைய ஆயுதம். சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஓட்டலாம் என்று சொல்லப்பட்டது. 2018இல் ரஷ்ய ராணுவ ஆய்வாளர்களே முன்வைத்து வெளியான மதிப்பீட்டின்படி, கட்டடங்கள் நடுவே அந்தத் தூரம் 300 முதல் 500 மீட்டராகச் சுருங்கியது. 17 முறை ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குத் தொடர்பு அறுந்தது. இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் வரை. ஓடிக்கொண்டே குறி பார்த்துச் சுட முடியவில்லை. அடிப்பாகத்து உருளைகளும் சுருள்வில்களும் பழுதாகி, களத்திலேயே ஆட்கள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 74 ஆண்டுகளில் 650 மீட்டர், 500 மீட்டராகியிருந்தது. தங்கள் இயந்திரத்தின் குறையை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த அந்த ஆய்வாளர்களுக்குப் பொறியியல் கடன்பட்டிருக்கிறது.

தொடர்பு அறுபடாதபோதும் தாமதம் உண்டு. கேமரா பிடித்த படம் சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டுத் திரைக்கு வர ஒரு நேரம். ஓட்டுநரின் கட்டளை திரும்பிப் போக ஒரு நேரம். மொத்தம் அரை நொடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 10 மீட்டர் ஓடும். திரையில் பள்ளத்தைப் பார்த்து அவர் பிரேக் பிடிக்கும்போது, வண்டி ஏற்கெனவே 5 மீட்டர் முன்னால் போயிருக்கும். எனவே மெதுவாக ஓட்டுகிறார்கள். மெதுவாகப் போகும் வண்டி எளிய இலக்கு.

ஆவடிக்கு வருவோம். ஊர்க்காரர்கள் டேங்க் ஃபேக்டரி என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து அங்கே இயங்குகிறது. விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் டாங்கிகள் அங்கே உருவெடுத்தவை. அதே ஆவடியில் டிஆர்டிஓவின் போர் ஊர்தி ஆராய்ச்சிக் கூடம் 2017இல் 'முன்ட்ரா' என்ற ஆளில்லாப் பட்டை வண்டியை வெளிக்காட்டியது. அடித்தளம் புதியதில்லை, இந்தியப் படையிடம் ஏராளமாக இருக்கும் பிஎம்பி-2 வண்டியின் உடல்தான். மூன்று வகை செய்தார்கள்: ஒன்று கண்காணிப்புக்கு, ஒன்று கண்ணிவெடி தேட, ஒன்று அணுக்கதிர் அல்லது நச்சு பரவிய இடத்துக்குள் போய் அளந்துவர. ராஜஸ்தானின் மகாஜன் சுடுதளத்தில் 52 டிகிரி வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள்.

மூன்றில் எந்த ஒன்றும் முதன்மையாகச் சுடுவதற்கானதாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. கண்ணிவெடி வயலில் மெதுவாகப் போவது குற்றமில்லை. கதிர்வீச்சு உள்ள இடத்தில் மனிதர் உட்காரவே கூடாது. வண்டி போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய வேலைகள் இவை. பழகிய உடலை எடுத்துக்கொண்டதிலும் ஓர் அறிவு இருக்கிறது. உதிரிப் பாகம் கிடைக்கும், பட்டை கழன்றால் பூட்டத் தெரிந்தவர்கள் படை முழுக்க இருக்கிறார்கள்.

உலகம் முழுக்கவே இந்த வண்டிகள் உயிரைக் காப்பாற்றியது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைகளில்தான். 1972இல் வட அயர்லாந்தில் கார் குண்டுகளை அணுகி உயிரிழந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்காக, பீட்டர் மில்லர் என்ற அதிகாரி மின்சாரத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை எடுத்து ஒரு கருவி செய்தார். 'வீல்பாரோ' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அதன் வாரிசுகள் இன்று பல நாட்டுக் குண்டு அகற்றும் படைகளிலும் இருக்கின்றன.

2022க்குப் பிறகு உக்ரைன் களம் இந்த வண்டிகளைப் புதிதாக வடித்தது. வானத்தில் எந்நேரமும் சிறு டிரோன்கள் சுற்றுவதால், முன்னணியிலிருந்து 10, 15 கிலோமீட்டர் பின்னால்கூட லாரி போக முடியாத நிலை. குண்டும் தண்ணீரும் முதுகில் சுமந்து நடக்க வேண்டும்; அடிபட்டவரைத் தூக்கிவர நான்கு பேர் வேண்டும், அந்த நால்வரையும் டிரோன் தேடும். அங்கே தாழ்வாக, மெதுவாக, இரவில் ஊர்ந்து போகும் சிறு பட்டை வண்டிகள் வந்தன. எஸ்டோனியாவின் மில்ரெம் நிறுவனம் செய்யும் தெமிஸ், 1.6 டன் எடையில், முக்கால் டன்னும் அதற்கு மேலும் சுமக்கும். மாலி பாலைவனத்தில் பழகிய பிறகு அது உக்ரைனுக்குப் போனது. அதில் ஒன்றைக் கெடாமல் பிடித்துக் கொடுத்தால் 10 லட்சம் ரூபிள் தருவதாக மாஸ்கோவின் ஆய்வு மையம் ஒன்று அறிவித்தது. உக்ரைனியர்கள் தாங்களே பட்டறைகளில் செய்யும் டெர்மிட் போன்ற வண்டிகள் இன்னும் சின்னவை, விலையும் குறைவு.

சண்டைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் அவ்தீவ்கா அருகே ரஷ்யர்கள் தானியங்கிக் கையெறிகுண்டு ஏவிகள் பொருத்திய பட்டை வண்டிகளை முன்னேற விட்டார்கள். சில நூறு டாலர் விலையுள்ள டிரோன்கள் அவற்றை முடித்தன. அதே ஆண்டு டிசம்பரில் கார்கிவ் பகுதியின் லிப்ட்சி அருகே, காலாட்படையே இல்லாமல் தரை வண்டிகளையும் டிரோன்களையும் மட்டும் வைத்து ஒரு தாக்குதல் நடத்தியதாக உக்ரைனின் கார்த்தியா படைப்பிரிவு அறிவித்தது. கட்டுப்பாட்டு வழிகளும் மாறின. மேலே ஒரு டிரோனை நிறுத்தி அலையை எட்ட வைத்தார்கள். செயற்கைக்கோள் இணைப்பைப் பூட்டினார்கள். இரைச்சல் அலைகள் அதையும் மறித்தபோது சிலர் ஒளியிழைச் சுருளை வண்டியில் ஏற்றினார்கள். முடியளவு மெல்லிய கண்ணாடி இழை, கிலோமீட்டர் கணக்கில் பின்னால் அவிழ்ந்துகொண்டே போகிறது. வார்சாவில் வெட்டப்பட்ட கம்பியின் பேரப்பிள்ளை அது. இழையை எந்த அலையாலும் மறிக்க முடியாது. ஆனால் பட்டையில் சிக்கினால், நெருப்புப் பட்டால், அதுவும் அறுந்துவிடும்.

மிச்சமிருப்பது கடைசி வேலை, சுடலாமா கூடாதா என்பது. ஜெனீவாவில் ஐ.நா. குழுக்கள் 2014 முதல் இதைப் பேசுகின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் எழுதி 2023இல் புதுப்பித்த ஆணையில், ஆயுதத்தைப் பயன்படுத்துவதில் உரிய அளவு மனிதத் தீர்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. உரிய அளவு எவ்வளவு என்பது திறந்தே கிடக்கிறது. போர்ச் சட்டமோ தெளிவானது. சரணடைந்தவரைத் தாக்கக்கூடாது. மனிதர் சரணடையும் விதங்கள்தான் எண்ணற்றவை. கை தூக்கலாம், வெள்ளைத் துணி காட்டலாம், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே உட்காரலாம். கேமராவில் தெரியும் உருவம் கை தூக்குகிறதா, எறிகுண்டு வீசுகிறதா என்று பிரித்தறிவதை, புல்லையும் பாறையையும் பிரிக்கத் தடுமாறும் ஒரு மென்பொருளிடம் நான் ஒப்படைக்க மாட்டேன்.

2025 ஜூலையில் உக்ரைனின் 3ஆம் தாக்குதல் படைப்பிரிவு ஒரு நிகழ்வைத் தெரிவித்தது. கார்கிவ் பகுதியில் ரஷ்ய வீரர்கள் இருந்த ஒரு பதுங்கிடத்தை நோக்கி வெடிமருந்து சுமந்த தரை வண்டிகளை அனுப்பினார்கள். ஒன்று வாசலில் வெடித்தது. இரண்டாவது வண்டி நெருங்கும்போது, உள்ளிருந்தவர்கள் ஓர் அட்டைத் துண்டை வெளியே நீட்டினார்கள். சரணடைகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. பல கிலோமீட்டர் பின்னால் திரைக்கு முன் அமர்ந்திருந்த ஒருவர் அதைப் படித்தார். இரண்டாவது வண்டி வெடிக்கவில்லை. வீரர்கள் வெளியே வந்து, தலைக்கு மேல் பறந்த டிரோன் காட்டிய வழியில் நடந்து போனார்கள்.